பேடாவுடன் போன விசாரணை

எங்கள் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பத்தை இந்த ஆண்டு கணினிக்கு மாற்றிவிட்டார்கள். 'தந்தை' என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: உயிருடன் இருக்கிறார், இல்லை. ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் எனக்கு போன் செய்தாள். "மேடம், அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்றால் எதை அழுத்துவது? உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள்?" என்று மராத்தியில் கேட்டாள்.

"வீட்டுக்கே போய்ப் பார்த்தோம், ஸ்கூட்டரில்" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அதை எழுதிக் கொடுங்களேன்" என்றாள். அவளுக்கு மராத்தியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதில் வரும் மனிதர்கள் தமிழில்தான் பேசினார்கள். புனேயை ஒட்டிய கட்கியில் குடியேறிய தமிழர்கள். அவர்களுடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வயது முடிந்து ஓய்வு பெற்றவள் அல்ல நான். போன வருடம் கணவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் தோன்றியது அழுகை இல்லை. எஞ்சினியரிங் படிக்கும் மகனுக்கு அடுத்த வருட விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் போடுவது என்ற எண்ணம்தான். அத்தனை வருடம் உதவித்தொகை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. அவர் பிழைத்துவிட்டார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் அவர் குளியலறையில் சற்று நேரம் எடுத்தால் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து மகனுடைய போன் தாமதமானால் சோறு இறங்குவதில்லை. இந்தப் படபடப்பு இருப்பதால்தானோ என்னவோ, அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த தாய்மார்களின் முகங்கள் இப்போது அதிகமாக நினைவுக்கு வருகின்றன.

கட்கியில் பிறந்தவள் நான். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பி.காம். முடித்து, டைப் படித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனே நகருக்குள் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் உதவித்தொகை மேசைக்கு மாற்றினார்கள். அரசாங்கச் சலுகைகள் தனி. நான் பார்த்தது கல்லூரி அறக்கட்டளையின் நிதி. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் சம்பாதித்துக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் நிதி. தெரு மராத்தி எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். மற்றதையெல்லாம் நிம்கர் சாரிடம் கற்றேன்.

நிம்கர் சார் அலுவலகக் கண்காணிப்பாளர். சிரிக்காத மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று இரவல் கொடுக்க. அவருக்கு முன்னால், உதவி பெறும் மாணவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கமாம். அவர் வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்தினார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மிகவும் சாதாரணமானது. லோனாவ்லா லோக்கலில் வரும் பிள்ளைகள் எல்லோரும் ரயில் பாஸ் சலுகைச் சீட்டுக்கு எங்கள் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். உதவித்தொகை வேலையையும் அதே ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். வரிசையில் யார் பாஸுக்கு நிற்கிறார்கள், யார் உதவிக்கு நிற்கிறார்கள் என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. பணக்கார வீட்டுப் பையனும் அதே வரிசையில்தான் வியர்ப்பான்.

அறக்கட்டளைக் குழு நடத்தும் நேர்காணலுக்கும் அவர் சில ஒழுங்குகள் வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம். கதவு சாத்தியிருக்க வேண்டும். அம்மா உட்காரும்வரை அவர் உட்காரமாட்டார். முதல் கேள்வி எப்போதும், "எந்த பஸ்ஸில் வந்தீர்கள், உட்கார இடம் கிடைத்ததா?" வீட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய இடம் வந்ததும் பிள்ளையைப் பார்த்து, "போய் நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி வா" என்று அனுப்பிவிடுவார். அந்தக் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. பிள்ளை காதில் விழக்கூடாது, அவ்வளவுதான். மொழிபெயர்க்க நான் போனால் என் நாற்காலியைக் குழுவின் பக்கம் போடவிடமாட்டார். "வசந்தாபாய், நீங்கள் அந்தப் பக்கம்" என்று அம்மாவுக்கு அருகில் போடச் சொல்வார்.

ஹடப்சரிலிருந்து ஒரு லாரி டிரைவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி இறந்துவிட்டாள். அறக்கட்டளை விதியில் 'தந்தையற்ற' என்று இருந்தது. குழுவில் ஒருவர், "தந்தை இதோ நிற்கிறாரே" என்றார். நிம்கர் சார், "இவர் டிரிப் போகும் நாளில் அந்தப் பெண் சமைத்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள். ஒருவர் செய்யவேண்டியதை இன்னொருவரும் சேர்த்துச் செய்யும் வீட்டுக்குத்தான் இந்த நிதி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்" என்றார். அடுத்த கூட்டத்தில் விதியின் வாசகத்தையே மாற்றிவிட்டார்கள்.

கடினமானவை வேறு. கணவன் இறந்தால் இறப்புச் சான்று உண்டு. விவாகரத்து என்றால் கோர்ட் காகிதம் உண்டு. சொல்லாமல் போய்விட்டவனுக்கு? "ஓடிப்போகிறவன் ரசீது கொடுத்துவிட்டா ஓடுவான்?" என்பார் நிம்கர் சார். அதற்காக அவர் ஏற்படுத்தியதுதான் வீட்டு விசாரணை. அவரும் இன்னொருவரும் நேரில் போய், அக்கம்பக்கத்தில் பேசி, கேட்டதை எழுதிக் குழுவுக்குக் கொடுக்கவேண்டும். அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது: எங்கிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக்கூடாது. பண உதவி கேட்டார்கள் என்று தெரிந்தால் அந்த அம்மாவுக்கு அவமானம். "தெரிந்தவர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார்.

இந்த நல்ல ஏற்பாடுதான் கலைச்செல்வி விஷயத்தில் எங்களைக் கவிழ்த்தது.

கலைச்செல்வி பி.எஸ்சி. தாவரவியல். முதல் வருடக் கட்டணத்தை அம்மா எப்படியோ கட்டிவிட்டாள். இரண்டாம் வருடத்துக்கு முடியவில்லை. அம்மா சரோஜா, கட்கியில் ஒரு தையல் கான்ட்ராக்டரிடம் யூனிஃபார்ம் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். விண்ணப்பம் கொண்டுவந்த அன்று கணவரைப் பற்றிக் கேட்டதற்கு, "வெளியூர்ல இருக்காரு" என்றாள். பணம் அனுப்புகிறாரா என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையசைத்தாள். நிம்கர் சார் புரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்குப் போவதாக முடிவாயிற்று.

அன்று எனக்கு ஒரு புதுமனைப் புகுவிழா. அங்கிருந்து நேரே வந்ததால் பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக இருந்தேன். நிம்கர் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். வழியில் ஒரு பெட்டி பால் பேடா வாங்கிக்கொண்டார். அவருடைய ஸ்கூட்டர் அந்த லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றதும் நாலு வாசலில் தலை தெரிந்தது.

சரோஜா வீட்டில் இல்லை. அவசர ஆர்டர் என்று கான்ட்ராக்டர் கூப்பிட்டிருந்தாராம். பக்கத்து வீட்டுப் பவுனம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு, ஐம்பது வயதிருக்கும். நான், "தெரிஞ்சவங்க. இந்தக் குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் கேக்கலாம்னு வந்தோம்" என்றேன்.

பவுனம்மா நிம்கர் சாரைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், பேடாப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"கேளுங்கம்மா. ஏக்தம் நல்ல குடும்பம். பொண்ணு தலை நிமிராது. காலேஜ் உண்டு, வூடு உண்டு."

"அவங்க அப்பா?"

"துபாய்ல கீறாரு. பெரிய கம்பெனி. மாசா மாசம் அனுப்பிக்கினே இருப்பாரு. தோ, ஜன்னல்ல பாருங்க, ஃப்ரிட்ஜ். லைன்ல மொத மொத ஃப்ரிட்ஜ் வந்தது அவங்க வூட்லதான்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். நிம்கர் சாரின் புருவம் மெல்ல ஏறியது. மூலையில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாயிடமும் கேட்டோம். அவர் தராசை நிறுத்திவிட்டு, "சரோஜாம்மா வூட்டுக்கா? கண்ண மூடிக்கினு பண்ணலாம். அவரு துபாய்லேந்து வந்தார்னா ஜாம் ஜாம்னு நடத்துவாரு" என்றார். எதை நடத்துவார் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

பேடாவை சரோஜா வீட்டில் கொடுத்துவிடும்படி பவுனம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஸ்கூட்டர் வரை வந்தவள் என் முழங்கையைப் பிடித்து, "மாப்ளைக்கு இன்னா நௌக்ரி, இன்னா வேல? அத சொல்லவே இல்லியே. ஜாதகம் எப்ப தர்றீங்க?" என்று கேட்டாள்.

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஏறிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி நிம்கர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டைப் பற்றி இரண்டு பேர் இனிப்போடு வந்து விசாரித்தால் எங்கள் ஜனங்கள் வேறு எதுவும் நினைக்கமாட்டார்கள் என்றேன். பெண் வீட்டைப் பற்றி நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர்களின் கடமை என்றும் சொன்னேன். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"நான் எதை எழுதுவது, வசந்தாபாய்? தகப்பன் துபாயில் சம்பாதிக்கிறான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கேட்டதை எழுதாமல் விட்டால் பொய். எழுதினால் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது."

"நமக்குத் தெரியுமே சார்."

"நாம் ஊகிக்கிறோம். தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். அவர் சொன்னால் நான் எழுதுகிறேன்."

மறுநாள் சரோஜாவே ஜன்னலுக்கு வந்தாள். பாஸ் வரிசையைத் தாண்டி நேரே என்னிடம்.

"யாரு மேடம் அந்த மாப்ள? லைன் பூரா பேடா குடுத்துட்டாங்க. என் வாயிலயும் ஒண்ணு வெச்சாங்க. எனக்கே தெரியாம எம் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிப்போச்சாம்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பவுனம்மா சொன்னது, காதர் பாய் சொன்னது எல்லாம். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பவுனம்மாக்கா அப்டியா சொன்னாங்க? ஃப்ரிட்ஜக் கூடவா?" என்றாள். பெருமைதான் அது. வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது, இதே பேச்சு அங்கே போனால் கலைக்கு உதவி கிடைக்காது, நீங்களே வந்து உள்ளதைச் சொல்லவேண்டும் என்று நான் முடித்தபோது அந்த வெளிச்சம் போய்விட்டது.

வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அந்த ஃப்ரிட்ஜ்ல துணிதான் அடுக்கி வெச்சிருக்கேன் மேடம். அது ஓடாது. பழைய சாமான் கடையில வாங்கினது" என்றாள். பிறகு, "கலைக்கு அவ அப்பா துபாய்ல. லைனுக்கும் அப்டித்தான். எட்டு வருஷமா தூக்கினு வந்தத ஒரு வெள்ளிக்கெழம எறக்கி வெய்யின்றீங்க. முடியாது மேடம். ஹடப்சர்ல ஒரு கம்பெனில பேக்கிங்குக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்களாம். அவளக் கூட்டினு போய் வுட்டுடறேன்" என்று எழுந்தாள்.

எனக்கு அன்று வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. என் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. கலைச்செல்வி முதல் வருடத்தில் வகுப்பில் இரண்டாவதாக வந்தவள். பெற்ற தாயே தன் மானத்தைக் காக்க அவளைப் படிப்பிலிருந்து எடுத்துவிடுவாள். அதைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நிம்கர் சாரிடம் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நம்மைப் பற்றி மறைத்ததால்தான் இந்தக் குழப்பம். போய் நாம் யார் என்று சொல்லுங்கள். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்" என்றார்.

அன்று மாலையே பவுனம்மாவைப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை யாரும் இல்லை, கல்லூரியிலிருந்து வந்தோம், ஃபீஸ் சலுகைக்காக விசாரித்தோம், வெள்ளிக்கிழமை கல்லூரியில் குழு கூடி முடிவெடுக்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஃபீசுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு? பட்டு கட்டிக்கினு வந்தா நாங்க இன்னான்னு நெனப்போம்?"

அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"துபாயாம் துபாய். காதர் பாய் சரக்கெடுக்க பம்பாய் போனப்ப தாராவில அந்தாளப் பாத்துட்டு வந்தாரு. வேற ஒருத்தி, வேற புள்ளைங்க. பாய் எங்கள எல்லாம் கூப்ட்டு வெச்சி, இது சரோஜா காதுல வுழக்கூடாதுன்னு சொன்னாரு. அதுலேந்து நாங்களும் துபாய், துபாய்னு சொல்லிக்கினு கீறோம். பொங்கலுக்கு 'வூட்டுக்காரர் இன்னா அனுப்பிச்சாரு'ன்னு நானே கேப்பேன். கேக்காம வுட்டா அதுக்கு சந்தேகம் வந்துடும் இல்ல?"

"எட்டு வருஷமாவா?"

"ஆமா. நீ போய் இத அதுங்கிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. சரோஜா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கலை பிடிவாதமாக இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நிம்கர் சார் அவர்களைக் கடைசியாக வைத்திருந்தார், மற்ற குடும்பங்கள் போன பிறகு வராந்தா காலியாக இருக்கட்டும் என்று.

காலியாக இல்லை. மற்றவர்கள் போன சற்று நேரத்தில் படியேறி பவுனம்மா வந்தாள். பின்னால் கடையைச் சாத்திவிட்டு காதர் பாய். லைனிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள், நல்ல சேலையில். பஸ் மாறி வந்திருந்தார்கள்.

சரோஜா எழுந்து நின்றாள். "நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"கல்யாணத்துக்குன்னு நெனச்சி அன்னிக்கு ஒண்ணு சொல்லிட்டோம்" என்றாள் பவுனம்மா. "படிப்புக்குன்னா வேற சொல்லணும் இல்ல? அதான் மாத்தி சொல்லிட்டுப் போலாம்னு."

சரோஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் திரும்பி அப்படியே படியிறங்கிப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

"எப்பத்திலேந்து தெரியும்?" என்று கேட்டாள்.

காதர் பாய்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ இன்னா சொல்லச் சொல்றியோ, அத சொல்றோம். அதுக்குத்தான் வந்தோம்" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு நிம்கர் சார் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், வழக்கம்போலக் கலையிடம், "நூலகத்தில் கையெழுத்து வாங்கி வா" என்றார்.

கலைச்செல்வி அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு பவுனம்மாவின் கையைப் பிடித்தாள். "பெரிம்மா, இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, வாங்க, எங்க லேப் காட்டறேன். காதர் மாமா, நீங்களும் வாங்க. எல்லாரும் வாங்க." அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நால்வரையும் அழைத்துக்கொண்டு அந்த வராந்தாவை அவள்தான் காலி செய்தாள்.

உள்ளே என் நாற்காலி சரோஜாவுக்கு அருகில் போடப்பட்டிருந்தது. நிம்கர் சார் நின்றுகொண்டே இருந்தார். அவள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்து, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டார். அவள் பஸ் நம்பரைச் சொன்னாள். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தார்.

"அவரு துபாய்ல இல்லீங்க" என்றாள் சரோஜா. நான் மராத்தியில் சொன்னேன். "எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது." அதையும் சொன்னேன். "இனிமே வரமாட்டாரு." அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது, அவளுடையது உடையவில்லை. அறக்கட்டளைக்காரர் ஒருவர், எந்த வருடத்திலிருந்து, என்ன காரணம் என்று ஆரம்பித்தார். நிம்கர் சார் பேனாவை மூடி, "எழுதுவதற்கு இவ்வளவு போதும்" என்றார். மூன்று வருடக் கட்டணத்தில் பாக்கியிருந்த இரண்டு வருடத்தையும் அன்றே நிதியிலிருந்து ஏற்றுக்கொண்டார்கள். இந்த வேலைக்கு நான் வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்களில் அது ஒன்று. நிம்கர் சாருக்கும் சொல்லியிருக்கவேண்டும். அவர் எழுந்து சரோஜாவுக்குக் கதவைத் திறந்துவிடப் போய்விட்டார்.

வராந்தாவில் யாரும் இல்லை. லேப்பிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நாங்கள் போனபோது பவுனம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"வெங்காயத் தோலாடி இது? நம்ம லைன் மாதிரியே கீது. ஒரு வூட்டுச் சொவருதான் அடுத்த வூட்டுக்கும்" என்றாள் பவுனம்மா. நிமிர்ந்தவள் சரோஜாவைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"பாரு, நல்லா கீது" என்றாள்.

சரோஜா குனிந்தாள். கலை பக்கத்தில் வந்து திருகைத் திருப்பிக்கொடுத்தாள்.

"தெரியுதாம்மா?"

"இரு" என்றாள் சரோஜா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மறுபடியும் குனிந்தாள். அவசரப்படுத்தாமல் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.